ஊமைப் படமும் உறுமி மேளமும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற மாதம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட்டில், ஆலயத்தை ஒட்டிய மண்டபத்தில், இளைஞர்கள் சிலர் ஒன்றுகூடி இந்தியத் திரைப்பட முன்னோடி தாதாசாகேப் பால்கே 1919-ஆம் ஆண்டில் எடுத்த, குழந்தைக் கிருஷ்ணன் காளிங்கன் என்னும் பாம்பை அடக்கும் கதையான ‘காளிய மர்தன்’ என்ற ஊமைப் படத்தைத் திரையிட்டு, அதற்கு ஹார்மோனியம், மிருதங்கம், புல்லாங்குழல், உறுமி மேளம் ஆகியவற்றை நேரடியாக வாசித்தார்கள். அதைப் பற்றி வந்த கடிதங்களே இம்முறை இப்பகுதியை நிறைத்துவிட்டன. பெயரை வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எல்லாருக்கும் ஊர்ப் பெயரை மட்டுமே இட்டிருக்கிறேன்.

கேள்வி: உறுமிச் சத்தத்தில் என் நான்கு வயது மகன் வீறிட்டு அழுதுவிட்டான், பாதியிலேயே வீட்டுக்குத் தூக்கிச் செல்ல வேண்டியதாயிற்று. ஊமைப் படத்திற்கு இத்தனை இரைச்சல் எதற்கு ஐயா? – ஒரு தாயார், சுங்கை சிப்புட்

பதில்: அன்று நான் மூன்றாவது வரிசையில் அமர்ந்திருந்தேன் அம்மா, தங்கள் மகனின் அழுகை, உறுமிகள் மூச்சு விட்ட இடைவெளிகளில் எனக்கும் கேட்டது. தவறு உறுமியுடையது அன்று, அதை வைத்த இடத்தினுடையது. தைப்பூசத்தில் காவடிக்கு முன்னால் நடந்துகொண்டே, தெருவின் மறுமுனைக்கும் கேட்கும்படி அடிப்பதற்காக வளர்ந்த வாத்தியத்தை, சிமெண்ட்டுச் சுவரும் துத்தநாகத் தகரக் கூரையும் உள்ள மண்டபத்திற்குள், அதுவும் ஆறு பேர் சேர்ந்து முழங்கினால், பெரியவர்களுக்கே நெஞ்சு அடைத்துக்கொள்ளும். ஆனால் உறுமியையே விலக்கிவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் அந்த உறுமல், வேறு அடி எதுவும் இல்லாமல் தனியாக, மெல்ல ஒலித்தால், தண்ணீருக்கு அடியில் ஏதோ ஒன்று நகர்வதைப் போலவே இருக்கும். காளிங்கன் மடுவுக்கு அதைவிடப் பொருத்தமான ஒலியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒற்றை உறுமி போதும் என்று ஏற்பாட்டாளர்களிடம் சொல்லிவிட்டேன். மற்ற ஐவருக்கும் என்மேல் வருத்தம்.

கேள்வி: மௌனப் படம் என்பதையே மௌனமாகப் பார்ப்பதுதான் முறை என்று நான் எண்ணியிருந்தேன். நேரடி இசை என்பது பிற்காலத்தவர் சேர்த்த அலங்காரமா? – ஓய்வு பெற்ற ஆசிரியர், கோல கங்சார்

பதில்: இல்லை. படம்தான் ஊமையே தவிர, அரங்கம் ஒருபோதும் ஊமையாக இருந்ததில்லை. மேலை நாடுகளில் சிற்றூர்க் கொட்டகைக்கு ஒரு பியானோ, பெருநகர அரங்குக்கு முழு வாத்தியக் குழு என்று வழக்கம் இருந்தது. 1908-ஆம் ஆண்டிலேயே கமீல் சான்-சான்ஸ் என்ற புகழ்பெற்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒரு படத்திற்கென்றே தனி இசை எழுதிக் கொடுத்தார். இந்தியக் கொட்டகைகளில் ஹார்மோனியமும் தபலாவும் அந்த வேலையைச் செய்தன. படம் ஓட்டும் கருவியின் கடகடச் சத்தத்தை மறைக்கவே இசை வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. அது முழுப் பதில் ஆகாது என்பது என் எண்ணம், ஏனென்றால் கருவியைத் தனி அறைக்குள் அடைத்த பிறகும் இசை நிற்கவில்லை. வாயசைக்கும் மனிதர்களை எந்த ஒலியும் இன்றி நெடுநேரம் பார்ப்பது எவருக்கும் ஒரு வகையான அச்சத்தைத் தருகிறது. ஐயம் இருந்தால் தொலைக்காட்சியின் ஒலியை அணைத்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

நம் நாட்டிலும் அப்படிப்பட்ட அரங்குகள் இருந்தன. கோலாலம்பூரில் அன்றைய பத்து ரோட்டில், இன்றைய ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் நிற்கும் கொலிசியம் அரங்கம், படங்கள் பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்பே, 1920-களின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. அங்கே தமிழ்ப் படம் பார்க்க வரிசையில் நின்ற நம்மில் எத்தனை பேர், அது ஊமைப் படக் காலத்துக் கட்டடம் என்பதை நினைத்திருப்போம்? முதல் இந்தியப் பேசும் படம் 1931 மார்ச் 14 அன்றும், தமிழ் பேசிய ‘காளிதாஸ்’ அதே ஆண்டு அக்டோபர் 31 அன்றும் வெளிவந்த பிறகு, கொட்டகை வாத்தியக்காரர்களுக்குச் சில ஆண்டுகளிலேயே வேலை இல்லாமல் போயிற்று.

கேள்வி: அன்றைய நிகழ்ச்சியை நடத்தியவர்கள் நாங்கள்தான். பாராட்டும் கிடைத்தது, திட்டும் கிடைத்தது. எங்களிடம் இருப்பது பஜனைக் குழுவின் ஹார்மோனியம், ஒரு மிருதங்கம், ஒரு புல்லாங்குழல், உறுமிக் குழு. எங்களில் எவருக்கும் மேலை இசைக் குறிப்பு படிக்கத் தெரியாது. அடுத்த முறை இதை ஒழுங்காகச் செய்ய வழி சொல்ல முடியுமா? – இளைஞர் குழு, சுங்கை சிப்புட்

பதில்: குறிப்புப் படிக்கத் தெரியாதது ஒரு குறையே அன்று. உங்களுடைய உண்மையான குறையைச் சொல்லிவிடுகிறேன்: அன்று மாலை உங்களில் ஒருவர்கூடத் திரையைப் பார்க்கவில்லை. ஹார்மோனியக்காரர் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தார், மிருதங்கக்காரர் ஹார்மோனியக்காரரைப் பார்த்தார், உறுமிக் குழுவினர் கூட்டத்தைப் பார்த்தார்கள். கச்சேரியில் அது தகும். இந்தக் கலையில் வாசிப்பவர் கண் திரையிலும், கை வாத்தியத்திலும் இருக்க வேண்டும். ஆகவே முதல் வேலை, நீங்கள் அமர்ந்த இடத்தை மாற்றுவது. திரைக்கு முன்னால் கூட்டத்தை நோக்கி அமராமல், பக்கவாட்டில், திரையைச் சாய்வாகப் பார்க்கும்படி, கூட்டத்திற்கு முதுகைக் காட்டி அமருங்கள். முதுகைக் காட்டுவது மரியாதைக் குறைவு என்று பெரியவர்கள் யாராவது சொன்னால், நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அடுத்தது, படத்தை வாத்தியம் இல்லாமல் குறைந்தது ஐந்து முறை பாருங்கள். மூன்றாவது முறை பார்க்கும்போது ஒருவர் கையில் தாளும் கடிகாரமும் இருக்கட்டும். எத்தனையாவது நிமிடத்தில் காட்சி மாறுகிறது, எங்கே கதையையும் பேச்சையும் எழுதிக் காட்டும் எழுத்து அட்டை வருகிறது, எங்கே சிரிப்பு, எங்கே பதற்றம் என்று எழுதிவிடுங்கள். இது என் கண்டுபிடிப்பு அன்று. 1909-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் எடிசன் நிறுவனம், எந்தக் காட்சிக்கு எவ்வகை இசை பொருந்தும் என்ற குறிப்புகளைத் தன் படங்களுக்கு அச்சிடத் தொடங்கிவிட்டது. 1924-இல் எர்னோ ராபே என்பவர் கொட்டகைப் பியானோக்காரர்களுக்காகத் தொகுத்த பெரிய புத்தகத்தில், ஐம்பத்திரண்டு வகையான மனநிலைகளுக்கும் சூழல்களுக்கும் உரிய இசைத் துண்டுகள் இருந்தன. காட்சி சட்டென்று மாறினால் ஒரு கையால் வாசித்துக்கொண்டே மறு கையால் பக்கத்தைப் புரட்டுவதற்கு வசதியாக, ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் அந்தப் பட்டியலை அச்சிட்டிருந்தார்கள். உங்களுக்கு ஐம்பத்திரண்டு தேவைப்படாது, ஆறோ ஏழோ போதும்.

அந்த ஆறு ஏழையும் எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் நம்மவர்கள் வழுக்கி விழுகிறார்கள். வெண்ணெய் திருடும் காட்சி வந்தவுடன் உங்கள் ஹார்மோனியக்காரர் எல்லாருக்கும் தெரிந்த ஒரு திரைப்பாடலின் மெட்டை எடுத்தார்; மண்டபமே கைதட்டியது; பின்வரிசையில் இருவர் சேர்ந்து பாடவும் செய்தார்கள். அந்தக் கணத்திலேயே பால்கேயின் படம் மறைந்துபோய், அந்தப் பாடல் இடம்பெற்ற வேறொரு படம் எல்லார் மனத்திலும் ஓடத் தொடங்கிவிட்டது. தெரிந்த மெட்டு, அதனுடைய சொற்களையும் நடிகர்களையும் நினைவுகளையும் கூடவே அழைத்துக்கொண்டுதான் வரும். ஆகவே பாடலை விட்டு ராகத்தைப் பிடியுங்கள். குறும்புக்கு மோகனத்தில் நான்கு சுரங்களைத் திருப்பித் திருப்பி வாசித்தாலே குழந்தை நடப்பது போலாகிவிடும். தாயின் கவலைக்கு முகாரியை முழுதாக ஆலாபனை செய்யத் தேவையில்லை, அதன் ஒரு பிடி, அதாவது ராகத்தை அடையாளம் காட்டும் ஒரு சிறு சுரக்கோவை, போதும். ஒருவருக்கு ஒரு பிடி என்று வைத்துக்கொண்டு, அவர் மீண்டும் வரும்போது அதே பிடியை வேறு வேகத்தில் வாசித்தால், பார்ப்பவர் தம்மை அறியாமலே ஆளை அடையாளம் கண்டுகொள்வார்.

பாம்பு வந்ததும் புல்லாங்குழல் மகுடிக்குத் தாவியதைப் பற்றியும் சொல்ல வேண்டும். புன்னாகவராளியைக் கேட்டாலே நமக்குப் பாம்பு நினைவு வந்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மகுடி என்பது மனிதன் ஊத, பாம்பு ஆடுவது. இந்தக் கதையிலோ பாம்பு ஆடவில்லை, அதன் தலைமேல் குழந்தை ஆடுகிறது. ஆகவே அங்கே இசை பின்தொடர வேண்டியது பாம்பின் உடலை அன்று, குழந்தையின் காலை. மிருதங்கத்திற்கு வேலை வருவது அங்கேதான், அதுவரை அது அடக்கியே வாசிக்கலாம்.

கடைசியாக, வாசிக்காமல் இருக்கவும் ஒத்திகை பாருங்கள். குழந்தை மடுவில் குதித்து மறைந்தபின், கரையில் இருப்பவர்கள் திகைத்து நிற்கும் இடத்தில் நீங்கள் நால்வரும் கைகளை எடுத்துவிட்டால், மண்டபத்தில் கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலம் பிரியும் ஓசைகூட நின்றுவிடும். அந்த அமைதி பத்து விநாடிக்கு மேல் போனால் கூட்டம் இருமத் தொடங்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய படங்களில் மனிதர்கள் ஏன் பொம்மைகளைப் போலத் தத்தித் தத்தி ஓடுகிறார்கள்? அக்காலத்தில் நடிப்பே அப்படித்தானா? – கல்லூரி மாணவர், தைப்பிங்

பதில்: நடிப்பின்மேல் பழி போடாதீர்கள் தம்பி, இது வெறும் கணக்கு. ஊமைப் படக் காலத்தில் படப்பிடிப்புக் கருவியைக் கையால் சுற்றினார்கள். விநாடிக்குப் பதினாறு, பதினெட்டு, இருபது படச் சட்டங்கள் என்று ஆளுக்கும் ஆண்டுக்கும் ஏற்ப அது மாறியது. படங்கள் பேசத் தொடங்கியபோது, ஒலி சீராக வர வேண்டும் என்பதற்காக விநாடிக்கு 24 சட்டம் என்று உறுதி செய்தார்கள். 35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டங்கள். ஆயிரம் அடிச் சுருளில் 16,000. விநாடிக்குப் 16 என்று ஓட்டினால் அது 16 நிமிடம் 40 விநாடி ஓடும். அதையே 24 என்று ஓட்டினால் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஐந்தரை நிமிட வாழ்க்கை காணாமல் போனால், மனிதர்கள் ஓடாமல் என்ன செய்வார்கள்?

இளைஞர் குழுவினரும் இதைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் வேகம் தவறினால் இசை எவ்வளவு நன்றாக இருந்தாலும் படம் கேலிக்கூத்தாகிவிடும். கணினியில் ஓட்டும்போது வேகத்தை 0.75 என்று குறைத்தால் 24 என்பது 18 ஆகும். ஆனால் இப்போது கிடைக்கும் பிரதிகள் பலவற்றில் யாரோ ஒருவர் முன்பே வேகத்தைத் திருத்தியிருப்பார். அதை மேலும் குறைத்தால் எல்லாரும் தூக்கத்தில் நடப்பது போல ஆகிவிடும். தண்ணீர் கொட்டுவதையோ, யாரேனும் குதிப்பதையோ பாருங்கள். விழும் பொருளின் வேகம் நம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். அதைச் சரிசெய்த பிறகுதான் நிமிடக் கணக்கை எழுத வேண்டும், முன்பே எழுதினால் தாள் வீண்.

கேள்வி: கமல்ஹாசன் நடித்த ‘பேசும் படம்’ ஊமைப் படந்தானே? அதை அடுத்த மாதம் திரையிடலாமே. – வாசகர், சிம்மோர்

பதில்: சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கத்தில் 1987-இல் வந்த அந்தப் படத்தில் வசனம் இல்லை என்பது உண்மை, ஒலி உண்டு, எல். வைத்தியநாதனின் இசையும் படச்சுருளிலேயே பதிந்திருக்கிறது. நீங்கள் ஹார்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு போனால் அவருடன் சண்டை போடத்தான் முடியும்.

கேள்வி: தமிழர் எடுத்த ஊமைப் படங்கள் ஏதும் இல்லையா? எதற்காக மராட்டியர் எடுத்த படத்தைக் காட்ட வேண்டும்? – வாசகர், ஈப்போ

பதில்: எடுத்தார்கள். சென்னையில் மோட்டார் உதிரிப் பாகங்கள் வணிகத்தில் இருந்த நடராஜ முதலியார், ‘கீசக வதம்’ என்ற படத்தை எடுத்துத் தென்னிந்திய ஊமைப் படங்களுக்கு வழி திறந்தார். அதற்கும் முன்பே, திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் சில படங்களையும் விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். ஆனால் ‘கீசக வதம்’ இன்று எங்கும் இல்லை. இந்தியாவில் எடுக்கப்பட்ட சுமார் 1,300 ஊமைப் படங்களில், முழுமையாகவோ துண்டாகவோ எஞ்சியவை ஏறத்தாழ முப்பதுதான்.

காரணம் ஒன்றன்று. அக்காலப் படச்சுருள் நைட்ரேட் என்னும் எளிதில் தீப்பற்றும் பொருளால் ஆனது. எரியாவிட்டாலும் வெப்பத்திலும் ஈரத்திலும் நைந்து, ஒட்டி, பொடியாகிவிடும். பேசும் படம் வந்தபின் ஊமைப் படத்தை யாரும் வாடகைக்குக் கேட்கவில்லை. விற்க முடியாத சரக்கைப் பூட்டி வைத்துக் காப்பாற்ற வணிகர் எவருக்கு மனம் வரும்? சுருளில் இருந்த வெள்ளியைப் பிரித்தெடுக்க விற்றவர்களும் உண்டு. தென்னாட்டுப் படங்களில் மலையாள நாட்டின் ‘மார்த்தாண்ட வர்மா’ தப்பிப் பிழைத்தது. அது 1974-இல் திருவனந்தபுரத்துப் புத்தகக் கடை ஒன்றிலிருந்து மீட்கப்பட்டு, இன்று புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. வரலாறு படிக்கும் ஆர்வம் இருப்பவர்கள் அடுத்து அதைக் காட்டலாம், எனக்கு மறுப்பில்லை. மராட்டியர், மலையாளி என்று ஊமைப் படத்தைப் பிரிப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. அந்த எழுத்து அட்டைகளை மாற்றிவிட்டால் அது எந்த மொழிக்காரர் படமும் ஆகிவிடும் என்பதே அக்கால வணிகர்களுக்கு அதிலிருந்த பெரிய வசதி.

கேள்வி: நான் பால்மரத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அவசரகாலத்தின்போது, மாலையில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அரசாங்க வண்டி ஒன்று வந்து வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டும். படம் வேறு மொழியில் பேசும், பக்கத்தில் ஒருவர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு தமிழில் கதை சொல்வார். அவர் சொன்ன கதைதான் நினைவிருக்கிறது, படம் நினைவில்லை. நீங்கள் எழுதும் கலையில் அவருக்கு இடம் உண்டா? – ஒரு பாட்டி, சுங்கை சிப்புட்

பதில்: உண்டு பாட்டி, முன்வரிசையிலேயே உண்டு. ஜப்பானில் அப்படிப்பட்டவருக்கு ‘பென்ஷி’ என்று பெயர்; திரைக்குப் பக்கத்தில் நின்று, எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்து, கதையையும் விளக்குவார். நடிகரைவிடப் பென்ஷியின் பெயரைப் பார்த்து நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய செல்வாக்கினால் அந்த நாட்டில் ஊமைப் படம் 1930-களின் நடுப்பகுதி வரை தாக்குப்பிடித்தது. எழுத்து அட்டையைப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்திருந்த தமிழ்நாட்டுக் கொட்டகைகளிலும் உரக்கக் கதை சொல்பவர் இருந்தார். கூத்தில் கட்டியங்காரனைக் கேட்டுப் பழகிய மக்களுக்கு அவர் புதியவராகத் தோன்றியிருக்க மாட்டார்.

தாங்கள் சொல்லும் வண்டியை என் தந்தையாரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1946-இல் மலாயன் பிலிம் யூனிட் அமைக்கப்பட்டது. 1948 ஜூன் 16 அன்று நம் ஊருக்கு அருகிலேயே தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பின், அரசாங்கச் செய்தியைத் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் கொண்டு செல்லத் தகவல் இலாகா வண்டிகள் ஓடின. துரைமாரின் செய்தி என்னவாயிற்றோ, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகளுக்கு அது படம் பார்க்கும் இரவு. அங்கே ஒலிபெருக்கி பிடித்தவர், எழுதிக் கொடுத்ததை மட்டும் படிக்காமல், கூட்டம் சிரித்தால் நிறுத்தி, சிரிக்காவிட்டால் சொந்தச் சரக்கைச் சேர்த்து, நாய் குரைத்தால் அதற்கும் ஒரு பதில் சொல்லுவாராம். படத்தைப் பார்த்துக்கொண்டே, கூட்டத்தையும் காதால் பார்க்கும் அந்தத் திறமைதான் மேலே இளைஞர்களிடம் நான் கேட்டது. அடுத்த காட்சியில் எழுத்து அட்டைகளைத் தமிழில் சொல்ல ஓர் ஆள் தேடுகிறார்கள். தங்களிடம் அந்தக் கதைசொல்லியின் பாணியைக் கேட்டுப் போக அவர்கள் வருவார்கள், தேநீர் மட்டும் கொடுங்கள்.

கேள்வி: இப்படிப் பொதுவில் திரையிட அனுமதி வேண்டுமா? – கோயில் செயலவை உறுப்பினர், பேராக்

பதில்: வேண்டும். மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் 1987-இன்படி ஒரு படத்திற்கான உரிமை வெளியீட்டிலிருந்து ஐம்பது ஆண்டுகள். ஆகவே 1919-ஆம் ஆண்டுப் படத்திற்கு அந்தத் தடை இல்லை. ஆனால் அண்மையில் யாரோ புதிதாக இசையமைத்துச் சேர்த்த பிரதியை வாங்கினால், அந்த இசைக்கு உரிமையாளர் இருப்பார். பொதுத் திரையிடலுக்குத் தணிக்கை வாரியத்தின் ஒப்புதல் தனி. பழைய படமாயிற்றே, ஊமைப் படமாயிற்றே என்பதெல்லாம் அங்கே விலக்கு ஆகாது. முதலில் வாரியத்தையும் பிறகு நகராண்மைக் கழகத்தையும் கேட்டுவிட்டுத் துண்டறிக்கை அச்சிடுங்கள்.

கேள்வி: படத்தில் கிருஷ்ணனாக நடித்தது பையனா, பொண்ணா? என் தோழியுடன் பந்தயம் கட்டியிருக்கிறேன். – ஐந்தாம் ஆண்டு மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: பொண்ணுதான். பால்கேயின் மகள் மந்தாகினி, உன்னைவிடவும் சிறியவள். பந்தயத்தில் நீ எந்தப் பக்கம் என்று எழுதவில்லையே. படத்தின் தொடக்கத்தை மறுபடி கவனித்துப் பார். கிருஷ்ணன் வேடம் போடுவதற்கு முன்பு அவள் தன் சொந்த முகத்தோடு தோன்றி, ஒவ்வொரு பாவமாக மாற்றி மாற்றிக் காட்டுவாள். அன்று மாலை மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லாமல், எல்லாரும் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த நேரம் அதுதான். ஹார்மோனியக்காரர் அங்கே கையை எடுத்துவிட்டதை மெச்சி, எப்படித் தோன்றியது என்று பிறகு அவரிடம் கேட்டேன். பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடிக்கொண்டிருந்தாராம்.